நலம், நலமறிய ஆவல்: முத்துக்குளித்துறையின் சில கடுதாசிகள்

போன மாதம் ஒரு நாள் விடிகாலை 5:40க்கு போனில் ஒரு வாட்ஸப் செய்தி வந்து விழுந்தது. "தோணி பத்தி எழுதுனதோட பிடிஎஃப் அனுப்புங்க." அவ்வளவுதான். பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு வணக்கம் கிடையாது. முகப்புப் படத்தில் வெறும் கடல். ஒரு நிமிஷம் கழித்து ஒற்றைக் கேள்விக்குறி மட்டும் தனியாக வந்தது. செய்தியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், அந்தக் கேள்விக்குறிதான் என்னைக் கொதிக்க வைத்துவிட்டது. நான் என்ன இவர் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறேனா?

பதில் போடவில்லை. அன்று பூராவும் யாரிடம் பேசினாலும் இதே புலம்பல்தான். எல்லாரிடமும் சொல்ல ஒரு கதை இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர், இப்போது வருகிற பையன்கள் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்கு மெயில் எழுதும்போது 'டியர் சார்' என்றுகூடப் போடுவதில்லை என்றார். பக்கத்து வீட்டு அக்கா, கல்யாணத்துக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பி முடித்துக்கொள்கிறார்கள், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதெல்லாம் போயே போச்சு என்றார். மரியாதை கெட்டுப்போச்சு என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

அந்த நேரம் பார்த்து, வேறொரு குறிப்புக்காக 1544ஆம் வருஷத்துக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க என் கோபத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் கடிதங்களை எழுதியவர் பிரான்சிஸ் சேவியர், நம் கடற்கரைக்காரர்களுக்குச் சவேரியார். 1542இல் கோவாவில் வந்து இறங்கி, அந்த வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். இங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ். பெரிய படிப்பாளி இல்லை, நல்ல மனசுக்காரர். ஒருவர் மணப்பாட்டில் இருந்தால் இன்னொருவர் புன்னைக்காயலில் இருப்பார். நடுவில் ஒரு நாள் நடை. 1544இல் மட்டும், பிப்ரவரி தொடங்கி டிசம்பர் வரைக்கும், சவேரியார் மான்சிலாஸுக்கு எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் என்று கிட்டத்தட்ட நம் பஸ் ரூட் மாதிரியே போகும்.

இதே மனிதர் ரோமாபுரிக்கு எழுதிய கடிதங்கள் வேறு ரகம். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தை ஐரோப்பா முழுக்கப் பிரதி எடுத்துப் படித்தார்கள். அடுத்த வருஷமே பாரிஸில் அச்சாகிவிட்டது. இன்றைய பாஷையில் சொன்னால், ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே போன செய்தி. இதற்கு அவர்களிடம் ஒரு முறையே இருந்தது. 1542 டிசம்பரில் இக்னேஷியஸ் லொயோலா தம் சகா பியர் ஃபாவ்ருக்கு எழுதும்போது இதை ரொம்பக் கறாராகவே சொல்கிறார். முதன்மைக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டும்படி எழுத வேண்டும். உள்விவகாரம், மனத்தாங்கல் எல்லாம் தனித் தாளில் போக வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்து, திருத்தி, மறுபடி எழுதித்தான் அனுப்ப வேண்டும். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நின்றுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 'ரிப்ளை ஆல்' அமுக்கி மாட்டிக்கொண்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மான்சிலாஸுக்குப் போனவையெல்லாம் அந்தத் தனித் தாள் ஜாதி. கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரனுக்கு என்று ஒரு வரி, கடைசியில் ஆண்டவர் துணை, இப்படிக்கு பிரான்சிஸ்கோ என்று ஒரு வரி. நடுவில் முழுக்க வேலைதான். இதைச் செய், அங்கே போ, பட்டங்கட்டிகளிடம் இதைச் சொல், சாராயம் குடிக்கிற பெண்களிடம் அபராதம் வாங்கு, எனக்கு விவரமாக எழுது. வளவளப்பு கிடையாது. 1544 ஜூனில் வடுகர் படை தெற்கே புகுந்து, பரவ ஜனங்கள் குமரிமுனைப் பக்கத்துப் பாறைகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள். உணவும் தண்ணீரும் இல்லை. சவேரியார் 20 தோணிகளில் உதவி எடுத்துக்கொண்டு புறப்படுகிறார், எதிர்க்காற்று விடவில்லை. அதை மான்சிலாஸுக்கு எழுதும்போது அலங்காரம் ஒன்றும் இல்லை. நடந்தது இது, காற்று இப்படி, நீ இதைச் செய். தோணி என்ற நம் வார்த்தையையே போர்த்துகீசிய வாக்கியத்துக்குள் போட்டு எழுதுகிறார்.

செப்டம்பர் மாதக் கடிதம் ஒன்றைப் பலமுறை படித்தேன். தூத்துக்குடியில் அப்போது போர்த்துகீசியக் கேப்டனாக இருந்தவர் கோஸ்மே தெ பைவா. அவருக்கும் சவேரியாருக்கும் ஆகவே ஆகாது. அவர் இங்குள்ள ஜனங்களைப் படுத்திய பாட்டைப் பற்றிச் சவேரியார் முன்பே கொதித்து எழுதியிருக்கிறார். இப்போது ஆலந்தலையில் இருக்கும்போது செய்தி வருகிறது: கேப்டனின் கப்பலும் வீடும் எரிந்துபோயின, ஆள் தப்பித்துத் தீவில் கிடக்கிறார். உடனே மான்சிலாஸுக்குக் கடிதம். வள்ளங்களில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போ, தாமதிக்காதே. தான் நேரில் போனால் கேப்டனுக்குப் பிடிக்காது, அதனால் நீ போ. தனக்கு ஆகாத ஒருத்தனுக்கு உதவி அனுப்பும்போது, தன் முகத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தாமல் இருக்கிற மரியாதை அது. அந்த அவசரத் துண்டுச் சீட்டில் நலம் விசாரிக்கும் வரி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மான்சிலாஸின் பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் மலாக்கா தாண்டி மொலுக்காஸ் தீவுகளுக்கு வரச்சொன்னபோது மான்சிலாஸ் போகவில்லை. கீழ்ப்படியவில்லை என்று 1548இல் சபையை விட்டே நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்ட அந்த மனிதர்தான் இந்தத் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் கடைசி வரை வைத்திருந்தார். அதனால்தான் 1544இல் நம் கடற்கரையில் மாதத்துக்கு மாதம் என்ன நடந்தது என்று இன்று தெரிகிறது. சவேரியாரும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை. சகாக்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்துப் போட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்து எப்போதும் கூடவே வைத்திருப்பதாக 1546இல் அம்போனிலிருந்து எழுதுகிறார்.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். தமிழில் கடிதத்துக்கு இருந்த பழைய பேர்களில் ஒன்று திருமுகம். அரசனிடமிருந்தோ மடத்திலிருந்தோ வரும் ஓலைக்கு அந்தப் பேர். ஸ்ரீமுகம் என்றும் சொல்வார்கள். ஓலை என்பது அனுப்பியவரின் முகம், அதைக் கையில் வாங்கும்போதே எழுந்து நின்று வாங்க வேண்டும். அழகான கற்பனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதே மரபின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பாட்டியல் நூல்கள் எழுதும் ஏட்டின் நீளத்தையே வருணத்துக்கு வருணம் வேறுபடுத்தி வைத்தன. மேலே உள்ளவருக்கு நீளமான ஓலை, கீழே போகப் போக விரற்கடை குறையும். எழுதுவதற்கு முன்பே, பெறுகிறவன் யார் என்பதை ஓலையே சொல்லிவிடும்.

காகிதம் வந்த பிறகும் இது போகவில்லை. பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு 'ம-ள-ள-ஸ்ரீ' தெரிந்திருக்கும். மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம் அது. பிள்ளைகள் 'பிஎல்எஸ்' என்று சுருக்கி எழுதுவதைப் பார்த்து நொந்துகொள்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம், நம் தாத்தாக்கள் மரியாதையையே சுருக்கித்தான் எழுதினார்கள். இந்த ம-ள-ள-ஸ்ரீ எல்லார் பேருக்கும் முன்னால் விழவில்லை. சிலருக்கு 'தேவரீர் சமூகத்துக்கு', சிலருக்கு 'அவர்கள்', சிலருக்கு வெறும் 'மேற்படியான்'. மனு எழுதுகிற ஏழை 'அடியேன் தண்டனிட்டு' என்று ஆரம்பித்தாக வேண்டும். மரியாதை கெட்டுப்போச்சு என்று சொல்லும்போது, போனது எந்த மரியாதை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. 'அடியேன்' போனதற்கு நான் அழத் தயாரில்லை.

ஆனாலும் எல்லாச் சம்பிரதாயமும் அடுக்குமுறை சம்பந்தப்பட்டதல்ல. வீட்டுக் கடுதாசி வேறு. இந்துக்கள் பிள்ளையார் சுழி, முஸ்லிம்கள் 786, கடற்கரையில் பரவர்கள் 'சேசு மரி சூசை துணை' என்று மேலே போட்டு, 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, 'இப்பவும்' என்று விஷயத்துக்கு வருவார்கள். கடைசியில் பெரிய பட்டியல் ஒன்று வரும். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும், சின்னம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும், எதிர்வீட்டு அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். சின்ன வயசில் எனக்கு இது வெறும் இடத்தை அடைக்கிற வேலையாகத் தோன்றும். காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தக் கடுதாசிகளைத் தனியாக யாரும் படித்ததில்லை. 1914இல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிப் பாதை திறக்கும் வரை, மெட்ராஸிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கே கப்பலேறித்தான் கொழும்பு போக வேண்டும். பிழைக்கப் போனவர்களின் கடுதாசி வீட்டுக்கு வரும். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். வாத்தியாரோ சம்மனசு மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துப் பையனோ முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். சுற்றி நிற்கிற ஒவ்வொருவரும் தன் பேர் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பேர் விட்டுப்போனால் அடுத்த விசேஷத்துக்கு முகம் திரும்பிவிடும். அந்தப் பட்டியல், ஒரு முற்றத்துக்கு எழுதப்பட்ட வருகைப் பதிவேடு.

1879இல் காலணா போஸ்ட் கார்டு வந்தது. மூடி இல்லாத கடிதம், தபால்காரர் முதற்கொண்டு எல்லாரும் படிக்கலாம். அதற்கும் நம் ஜனங்கள் ஒரு நடைமுறை கண்டுபிடித்தார்கள். நல்ல செய்தி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் செய்தி என்றால் வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இப்போது மாமா இறந்த செய்தி, தள்ளுபடி விளம்பரத்துக்கும் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் நடுவில், அதே திரையில், அதே 'டிங்' சத்தத்தோடு வருகிறது. கிழிக்கவும் முடியாது. எனக்கு இதுதான் உண்மையிலேயே ஒரு இழப்பாகத் தெரிகிறது, 'டியர் சார்' அல்ல.

தந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வார்த்தைக்குக் காசு, அதனால் வணக்கத்துக்கு இடமில்லை. வாழ்த்துத் தந்திக்கு மட்டும் அச்சடித்த வாக்கியங்கள் நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். நம்பரைச் சொன்னால் வாழ்த்து போய்விடும். இன்றைய ஸ்டிக்கருக்குப் பாட்டன் அது. 2013 ஜூலையோடு தந்தி நின்றபோது எத்தனை பேர் உருகி எழுதினார்கள்! நிற்கிற வரைக்கும் தந்தி என்றால் ஊரே நடுங்கியது.

தந்திக்குப் பிறகு டெலக்ஸ். 1974இல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக வந்த காலத்தில் கப்பல் கம்பெனிகளுக்கு அதுதான் வாய். இணைப்பில் இருக்கிற நேரத்துக்குக் காசு என்பதால் உயிரெழுத்தை எல்லாம் உருவிவிட்டார்கள். பிளீஸ் 'பிஎல்எஸ்' ஆனது, தேங்க்ஸ் 'டிகேஎஸ்' ஆனது, ரிகார்ட்ஸ் 'ஆர்ஜிடிஎஸ்' ஆனது. ஏஜென்சி நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மெயிலின் அடியிலேயே தினமும் 'பி.ஆர்.ஜி.டி.எஸ்.' என்றுதான் போடுகிறார், பெஸ்ட் ரிகார்ட்ஸாம். "அது ஷிப்பிங் வழக்கம்ல, அண்ணாச்சி" என்றார். காசு மிச்சம் பிடிக்கப் பிறந்தது, காசு கேட்காத காலத்திலும் ஒரு தொழிலின் மரியாதையாகவே நின்றுவிட்டது.

இப்போது அந்தத் துறைமுகத்துக்குப் பேராக இருப்பவரின் கதைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது அதுதான்.

1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் கப்பல் விட்ட வ.உ.சி., 1908இல் தண்டிக்கப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் போய்விட்டது, வக்கீல் சன்னது போய்விட்டது, சொத்தும் போய்விட்டது. சென்னையில் குடும்பத்தோடு வறுமை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டி அங்கிருந்த காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது வ.உ.சி. அவரைப் பார்க்க விரும்பி எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியெடுத்து 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

காந்தி பதில் எழுதினார். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வாருங்கள், சில நிமிஷம் ஒதுக்க முடியும் என்று. முறையான, பண்பான கடிதம்தான். வ.உ.சி.க்கு அந்தச் 'சில நிமிஷம்' உறுத்திவிட்டது. தான் பேச வேண்டியது அந்தச் சில நிமிஷத்துக்குள் முடியாது, உங்கள் நேரம் விலை உயர்ந்தது, ஆகவே முன்பு எழுதியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். ஒரு கடுமையான வார்த்தைகூட இல்லை. இலக்கணம் பிசகாத மரியாதை, அதுக்குள்ளே ஒரு மனுஷனின் முழு ரோஷம். காந்தியும் அதோடு விட்டுவிடவில்லை, மறுபடி எழுதினார். வ.உ.சி.யும் வர ஒப்புக்கொண்டார். அதிலும் ஒரு விளக்கம்: தன் போன்ற ஏழைக்கு டிராம்தான் வண்டி, அதிகாலையில் அது புறப்படும் நேரத்தைப் பார்த்தால் 6 மணிக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்து சேர முடியும். இரண்டு கப்பல் விட்ட மனுஷன்.

பிறகு பணத்தைப் பற்றிய கடிதங்கள். யார் கொடுத்தது, எவ்வளவு என்ற கணக்கைக் காந்தி விசாரித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வ.உ.சி. ஒளிக்கவில்லை, இன்றைய நிலையில் அந்தப் பணம் வேண்டாம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றே எழுதினார். காந்தி ஏமாற்றுகிறவர் அல்ல. காலணாவுக்கும் கணக்கு வைப்பவர். ஆனால் இந்தியா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு நாளும் கட்டுக்கட்டாகக் கடிதம். அவருக்கு அது நூறு கடிதத்தில் ஒன்று. வ.உ.சி. வீட்டில் அது அரிசி. 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்து சேர்ந்தபோது 1916 பிறந்துவிட்டது.

இரண்டு பேரின் எழுத்திலும் மரியாதைக்குக் குறைவே இல்லை. முகமன், நன்றி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒருவர் காத்திருக்கிறார், இன்னொருவருக்கு அவர் காத்திருப்பது முழுசாகத் தெரியவில்லை. இன்றைக்கு 'ப்ளூ டிக்' பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதே வலிதான். அந்தக் காலத்தில் அதைக் காட்ட நீல நிறம் கிடையாது.

(ஒரு இடைச்செருகல். வ.உ.சி. நன்றி சொல்லும் விதமே தனி. பின்னாளில் சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். 'டிகேஎஸ்' போடுகிறவர்கள் கவனிக்கவும்.)

வணக்கம் என்ற வார்த்தை பற்றியும் ஒன்று. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் வெளியிட்டது, அதன் பேர் 'தம்பிரான் வணக்கம்'. அவர் புன்னைக்காயலில் பல வருஷம் வாழ்ந்து தூத்துக்குடியில் அடக்கமானவர். அதில் வணக்கம் என்றால் ஆராதனை, கடவுளுக்குச் செய்வது. ஆளை ஆள் பார்த்ததும் சொல்லும் வார்த்தையாக அது பரவியது ரொம்பப் பிந்தித்தான். நானோ, அந்த வார்த்தை இல்லை என்று விடிகாலை 5:40க்குக் கோபப்பட்டேன்.

இதையெல்லாம் எழுதி முடிக்கும்போது என் மெயில்பெட்டியையும் திறந்து பார்த்தேன். ஒரு மூத்த ஆய்வாளர், எழுபது வயசுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு முன்னால் முத்துக்குளிப்புப் பற்றி ஒரு விவரம் கேட்டு எழுதியிருந்தார். 'அன்புடையீர்' என்று தொடங்கி, நலம் விசாரித்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று முடித்த கடிதம். நான் படித்திருக்கிறேன். நிதானமாக எழுதலாம் என்று நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன். எழுதவில்லை. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து அவருக்கு எழுதினேன்.

அந்தக் கடல் படத்துக்காரர் பதினோரு நாள் கழித்து மறுபடி வந்தார். "அண்ணாச்சி மன்னிச்சிருங்க. அன்னைக்கு மாலத்தீவுக்குத் தோணி கெளம்பிட்டு. டவர் போயிரும்னு அவசரத்துல போட்டேன். எங்க தாத்தா தண்டையலா இருந்த தோணி, அதான் கேட்டேன்." தண்டையல் என்றால் தோணியின் தலைவர். தாத்தாவின் பேரையும் தோணியின் பேரையும் எழுதியிருந்தார். அந்தத் தோணி என் கட்டுரையில் இல்லை.

பிடிஎஃப்பை அனுப்பிவிட்டு, தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நிற்கிறது. மறுபடி கடலில் இருக்கிறார் போல.